நிலமும் ஆண்டெனாவின் பாதி: மிகத் தாழ் அதிர்வெண் சோதனைகள், ஓர் அறிமுகம்

அமெச்சூர் வானொலியில் ஆர்வம் கொண்டவர்கள் கூடும் இடத்தில் "எர்த் ஆண்டெனா" என்ற பேச்சு எழுந்தால், மூன்று கருத்துகள் ஒன்றோடொன்று கலந்து வருவதைக் கேட்கலாம். ஆண்டெனாவை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் கோபுரமே தேவையில்லை என்பார் ஒருவர். அதிர்வெண் குறையக் குறைய அலை எதையும் துளைத்துச் செல்லும், ஆகவே சிறு கருவியைக் கொண்டே கடலுக்கடியிலும் பேசலாம் என்பார் இன்னொருவர். பூமிக்குள் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு கம்பிகளை அடித்து அதில் செய்தியை ஏற்றிவிட்டால் எங்கும் போய்ச் சேரும் என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றிலும் சிறிது உண்மை இருக்கிறது. அந்த உண்மை எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பது தெரியாததால், மாணவர்கள் ஆர்வத்தோடு தொடங்கும் சோதனைகள் பாதியில் கைவிடப்படுகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்பவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. மலைப்பாறை, செம்புறைக்கல் மேடு, நஞ்சை வயல், உப்புக் கடல் ஆகிய நான்கும் இவ்வளவு குறுகிய தொலைவுக்குள் அமைந்த மாவட்டம் தமிழ்நாட்டில் அரிது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், இந்தியக் கடற்படையின் மிகத் தாழ் அதிர்வெண் நிலையமான ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. வேறு ஊர்க்காரர்கள் படத்தில் பார்த்துப் படிப்பதை நாம் கையால் அளந்து அறியலாம்.

அதிர்வெண்ணும் அலைநீளமும்

ஒரு விநாடியில் மின்னோட்டம் எத்தனை முறை முன்னும் பின்னுமாக மாறுகிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஒரு முழு மாற்றத்துக்குள் அலை கடக்கும் தொலைவு அலைநீளம். மின்காந்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், அந்த எண்ணை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைத்துவிடும். மிகத் தாழ் அதிர்வெண் எனப்படுவது 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி; அதன் அலைநீளம் 100 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை.

இந்த எண்கள் மனிதக் காது கேட்கும் ஒலியின் எண்களோடு பொருந்துவதால், இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்பது காற்றின் அதிர்வு; அதன் அலைநீளம் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. 10 கிலோஹெர்ட்ஸ் மின்காந்த அலையின் நீளமோ 30 கிலோமீட்டர். எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நேராகக் காதில் விழாது. கம்பியில் பிடித்து, பெருக்கி, ஒலிபெருக்கியில் விட்டால்தான் கேட்கும்.

ஆண்டெனா திறமையாக அலையை வீச வேண்டுமானால் அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நன்று. விஜயநாராயணத்தின் அறியப்பட்ட அதிர்வெண்களில் ஒன்றான 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 16.5 கிலோமீட்டர், கால் பங்கு 4 கிலோமீட்டருக்கு மேல். அப்படியொரு கோபுரம் உலகில் எங்கும் இல்லை. எனவே எல்லா மிகத் தாழ் அதிர்வெண் நிலையங்களும் தேவைக்கு மிகக் குட்டையான ஆண்டெனாவோடுதான் வேலை செய்கின்றன. குறையை ஈடுகட்ட நூற்றுக்கணக்கான மீட்டர் உயரக் கோபுரங்களும், அவற்றின் உச்சியில் விரிந்த கம்பிப் பந்தலும், தரைக்கடியில் புதைத்த பரந்த கம்பி வலையும் தேவைப்படுகின்றன. 2010ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அமெச்சூர்கள் நீண்ட கம்பியைப் பட்டத்தில் கட்டி மேலேற்றி 8.97 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பியதும் இந்த உயரத் தேவைக்காகத்தான்.

மண்ணுக்குள் மின்னோட்டம் பரவும் விதம்

நாஞ்சில் நாட்டு வயல் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வரப்பில் மடையைத் திறந்து நீரை விட்டு, எதிர் வரப்பில் வேறொரு மடையால் அதை வெளியேற்றினால், நீர் இரண்டு மடைகளுக்கும் இடையே ஒரு கோடாக ஓடுவதில்லை. வயல் முழுக்க விரிந்து, நடுவே விரைவாகவும் ஓரங்களில் மெதுவாகவும் நகர்ந்து, மறு மடையருகே மீண்டும் குவிகிறது. வயலின் தூர மூலையில் காலை வைத்தால் அங்கும் மிக மெல்லிய ஓட்டம் இருக்கும். மண்ணில் இரண்டு இரும்புக் கம்பிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி அடித்து, அவற்றுக்கிடையே மின்னோட்டம் செலுத்தினால் இதேதான் நடக்கிறது, ஒரே ஒரு வேறுபாட்டுடன்: நீர் மேற்பரப்பில் மட்டும் பரவுகிறது, மின்னோட்டம் ஆழத்திலும் பரவுகிறது.

மண்ணில் அடித்த அந்தக் கம்பிகளை மின்வாய்கள் என்போம். தொலைவில் வேறு இரண்டு மின்வாய்களை அடித்து அவற்றுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தைப் பெருக்கினால், அங்கே வந்து சேரும் மெல்லிய ஓட்டத்தின் தடயம் கிடைக்கும். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்கிடையே இழுத்த தொலைபேசிக் கம்பிகள் குண்டு வீச்சில் ஓயாமல் அறுபட்டபோது, பிரெஞ்சுப் படையினரும் பிரிட்டிஷ் படையினரும் இந்த வழியில் மண்ணினூடே மோர்ஸ் சைகைகளை அனுப்பினர். எதிரியும் தன் பக்கத்தில் இரண்டு கம்பிகளை அடித்து அதையே கேட்டார் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி. வயலில் ஓரத்து நீருக்கு வரப்பு இருக்கிறது. மண்ணுக்குள் பரவும் மின்னோட்டத்துக்கு வேலி கிடையாது.

கடத்தல், தூண்டல், கதிர்வீச்சு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மண்ணில் மின்வாய்களை அடித்து மின்னோட்டம் செலுத்தும்போது மூன்று செயல்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. மண்ணினூடே மின்னோட்டமே பரவிச் செல்வது கடத்தல். அந்த மின்னோட்டத்தைச் சூழ்ந்து உருவாகும் காந்தப்புலம், தொலைவிலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புவது தூண்டல். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, மூலத்தை விட்டு விலகித் தனியே பயணம் செய்வது கதிர்வீச்சு. வானொலி என்று நாம் வழக்கமாகச் சொல்வது மூன்றாவதை மட்டுமே.

எது எங்கே மேலோங்கும் என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. அலைநீளத்தை 6.28 ஆல் வகுத்தால் ஒரு தொலைவு கிடைக்கும்; அதற்குள் இருக்கும்வரை கடத்தலும் தூண்டலும் ஆள்கின்றன, அதைத் தாண்டிய பிறகே கதிர்வீச்சு மேலோங்குகிறது. 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு அந்த எல்லை 2.6 கிலோமீட்டர். 1 கிலோஹெர்ட்ஸுக்கு அது 48 கிலோமீட்டர். ஆகவே தோவாளையில் 1 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செலுத்தி, ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று அதைக் கேட்கும் மாணவர் கேட்பது வானொலி அலையை அன்று. மண்ணில் பரவிய மின்னோட்டத்தையும் அதன் காந்தப்புலத்தையும்தான் அவர் கேட்கிறார். இதைத் தெரிந்துகொண்டு செய்தால் சோதனையின் மதிப்பு குறைவதில்லை. கிடைத்த முடிவை வேறொன்றாக நினைத்து ஏமாறாமல் இருக்கலாம்.

நடைமுறையில் இதன் விளைவு கடுமையானது. கதிர்வீச்சில் தொலைவு இரட்டிப்பானால் புலத்தின் வலிமை பாதியாகும். கடத்தலிலோ அது எட்டில் ஒன்றாகிவிடும். மூன்று மடங்கு தொலைவில் இருபத்தேழில் ஒன்று. 500 மீட்டரில் தெளிவாகக் கேட்ட சைகை 2 கிலோமீட்டரில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகி இரைச்சலில் அமிழ்வது இதனால்தான். பெருக்கியின் திறனைக் கூட்டி இதை வெல்ல முயல்வது பெரும்பாலும் வீண் முயற்சி. தொலைவை இரட்டிக்க மின்னோட்டம் எட்டு மடங்கு வேண்டும். மின்னோட்டம் எட்டு மடங்காக, திறன் அறுபத்து நான்கு மடங்கு வேண்டும். மின்வாய்களுக்கிடையே உள்ள இடைவெளியை அதிகப்படுத்துவதே மலிவான வழி.

இதுவரை கண்டதைச் சேர்த்துச் சொன்னால்: மண் மின்வாய்களால் அருகில் நடப்பது கடத்தலும் தூண்டலும், அவை தொலைவில் மிக விரைவாகத் தேய்கின்றன, வானொலி அலை என்பது அதற்கப்பால் வேறு செயல்.

மோசமான மண்ணே நல்ல ஆண்டெனா

மின்வாய்களை ஒரு கம்பியால் இணைத்து அதன் நடுவில் மின்னோட்டத்தைச் செலுத்தும்போது, மின்னோட்டம் கம்பியில் ஒரு திசையில் சென்று, மண்ணுக்குள் இறங்கி, எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. மேலே கம்பி, கீழே மண். இரண்டும் சேர்ந்து செங்குத்தாக நிற்கும் ஒரு பெரிய வளையம். எர்த் ஆண்டெனா என்பது உண்மையில் இந்த வளையம்தான். மண்ணுக்குள் புதைந்த கம்பி தனியே ஆண்டெனா ஆவதில்லை. திரும்பி வரும் பாதி நிலத்தின் பொறுப்பு.

வளையம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. அதன் அகலத்தைக் கம்பியின் நீளம் தீர்மானிக்கிறது. அதன் ஆழத்தைத் தீர்மானிப்பது மண். மண் எளிதாகக் கடத்தினால் மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டியே திரும்பிவிடும். கடத்த மறுத்தால் வழி தேடி ஆழமாக இறங்கும். இந்தக் கடத்த மறுக்கும் தன்மைக்குரிய அளவு மின்தடை எண், அலகு ஓம்-மீட்டர். மின்புலம் 37 விழுக்காடாகத் தேயும் ஆழம் ஊடுருவல் ஆழம் எனப்படும். மின்தடை எண்ணை அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503 ஆல் பெருக்கினால் அது மீட்டரில் கிடைக்கும். 1 கிலோஹெர்ட்ஸில், 1,000 ஓம்-மீட்டர் கொண்ட பாறை நிலத்தில் அது 503 மீட்டர், 100 ஓம்-மீட்டர் மண்ணில் 159 மீட்டர், 0.25 ஓம்-மீட்டர் கொண்ட கடல்நீரில் 8 மீட்டர் மட்டுமே.

அமெரிக்கக் கடற்படை விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் 1989 முதல் 2004 வரை 76 ஹெர்ட்ஸில் நடத்திய நிலையங்கள் இந்தத் தத்துவத்தின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு. காட்டினூடே மின்கம்பி வரிசைபோல் பல கிலோமீட்டர் இழுத்த கம்பிகளின் முனைகளைத் தரையில் இணைத்திருந்தார்கள். அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கீழே இருந்த தொன்மையான பாறை மின்னோட்டத்தை எளிதில் கடத்தாது என்பதே. வீட்டுக்கு எர்த் போடும் எலக்ட்ரீஷியனுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அவர் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மின்தடையைக் குறைக்கப் பாடுபடுகிறார். மின்வாயைச் சுற்றியுள்ள ஒரு முழ மண்ணைப் பொறுத்தவரை அவர் செய்வது நமக்கும் சரி. இரண்டு மின்வாய்களுக்கும் இடையே கிடக்கும் நிலம்தான் கடத்தாததாக இருக்க வேண்டும்.

நம் மண்ணில் கணக்கிட்டுப் பார்த்தால்

ஒரு மீட்டர் ஆழம் அடித்த, 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கம்பி ஒன்றின் மின்தடை, ஈரக் களிமண் வயலில் மின்தடை எண் 20 ஓம்-மீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 17 ஓம் வரும். 100 ஓம்-மீட்டர் கொண்ட தோட்ட மண்ணில் 83 ஓம். காய்ந்த செம்புறைக்கல் மேட்டில் 1,000 ஓம்-மீட்டர் என்று கொண்டால் 830 ஓம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்து மேடுகளில் கோடையில் கம்பியை அடிப்பதே பெரும்பாடு. அடித்த பிறகும் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே நூலிழை அளவு காற்று இடைவெளி நின்றுவிடும். ஒரு குடம் உப்புநீரை மெல்ல ஊற்றி அரைமணி நேரம் பொறுத்தால், மீட்டரில் மின்தடை கண்முன்னே இறங்குவதைப் பார்க்கலாம். அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளையும் மாற்றிப் பிடித்து இன்னொரு முறையும் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மண்ணிலிருக்கும் இயல்பான மின்னழுத்தம் அளவைத் திரித்துக் காட்டும். மூன்றாமவர் சொன்ன "பூமிக்குள் ஓடும் மின்சாரம்" இந்தச் சிறு அளவுதான்.

தோட்ட மண்ணையே எடுத்துக்கொள்வோம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு மின்வாய்கள். மொத்த மின்தடை 166 ஓம். 0.2 ஆம்பியர் செலுத்த 33 வோல்ட் போதும். செலவாகும் திறன் 7 வாட்டுக்கும் குறைவு. சாதாரண 8 ஓம் ஒலிபெருக்கிக்கான வெளியீடு இதற்குப் பொருந்தாது. திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவர்கள், நீளக் கம்பியில் குழாய் ஒலிபெருக்கிகளை இணைக்கப் பயன்படுத்தும் 100 வோல்ட் வெளியீடுள்ள ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். எதிர் முனையில், ஒரு கிலோமீட்டர் தொலைவில் அதேபோல் 20 மீட்டர் இடைவெளியில் அடித்த மின்வாய்களில் 1 முதல் 3 மைக்ரோவோல்ட் கிடைக்கும். 500 மீட்டரில் அது 10 முதல் 20 மைக்ரோவோல்ட்.

அந்த மைக்ரோவோல்ட்டுகளை மூழ்கடிப்பது மின்வாரியக் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் அதன் மடங்குகளும். 100, 150, 200 என்று ஒவ்வொரு 50 ஹெர்ட்ஸுக்கும் ஒரு கோடு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் அலைமாலைத் திரையில் எழுந்து நிற்கும். ஆகவே சைகையின் அதிர்வெண்ணை இரண்டு மடங்குகளுக்கு நடுவே, 1,025 அல்லது 1,075 ஹெர்ட்ஸ்போல வைத்துக்கொள்வது நன்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைப் பகுதியைத் தவிர்ப்பதும் நன்று. அங்கு நிலத்திலேயே மின்னிரைச்சல் மிகுதி.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். வீட்டு மின் இணைப்பிலிருந்து நேராக மண்ணுக்கு மின்னோட்டம் செலுத்துவது உயிரைப் பறிக்கும்; எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் பெருக்கியையே பயன்படுத்த வேண்டும். அதிலும் 100 வோல்ட் வெளியீட்டை வெறும் கையால் தொடக் கூடாது. மின்வாயருகே ஆடு மாடு மேயும் இடத்தில் சோதனை வேண்டாம்; முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே உள்ள அகலத்தால் மாட்டுக்கு நம்மைவிட அதிக மின்னழுத்தம் தாக்கும். அமெச்சூர்களுக்குப் பன்னாட்டளவில் ஒதுக்கப்பட்டவற்றில் மிகத் தாழ்ந்தது 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அதற்குக் கீழே எதையும் செலுத்தும் முன், உரிமம் பெற்ற அமெச்சூராக இருந்தாலும், உரிய துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதே முறை.

கடலைப் பற்றிய தவறான நம்பிக்கை

கடல்நீர் நன்றாகக் கடத்தும், ஆகவே மின்வாயைக் கடலில் போட்டால் சைகை வெகுதூரம் போகும் என்ற எண்ணம் கரையோர ஊர்களில் இயல்பாகவே எழுகிறது. மேலே சொன்ன கணக்கே இதற்கு விடை தருகிறது. தோட்ட மண்ணைவிடக் கடல்நீரின் மின்தடை எண் 400 மடங்கு குறைவு. அதே திறனைச் செலுத்தினால் மின்னோட்டம் 20 மடங்கு கூடும். ஆனால் எதிர் முனையில் எழும் மின்னழுத்தம் 20 மடங்கு குறையும். கடல் மின்னோட்டத்தை எளிதாக ஏற்று, அதே எளிமையோடு தன்னுள்ளேயே திருப்பிவிடுகிறது.

மிகத் தாழ் அதிர்வெண் கடலுக்குள் செல்லும் என்பது உண்மை. எவ்வளவு என்பதே கேள்வி. 18.2 கிலோஹெர்ட்ஸில் ஊடுருவல் ஆழம் 1.9 மீட்டருக்கும் குறைவு. நீர்மூழ்கிக் கப்பல் மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழே வரையில் ஏற்றி வைத்த ஆண்டெனாவால் அதைக் கேட்க முடிகிறது, அவ்வளவே. கேட்க முடியுமே தவிர, கப்பலிலிருந்து பதில் அனுப்ப முடியாது. கோபுரங்களைக் கப்பல் சுமக்க இயலாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் நம் மீனவர்களைக் கடலில் வைத்துத் தாக்கிய பிறகு, தாழ் அதிர்வெண் கருவி ஒன்று படகில் இருந்தால் போதும் என்ற பேச்சை நான் மிகுந்த கவலையோடு கேட்டேன். இந்த அலைகளால் படகிலிருந்து கரைக்குப் பேச முடியாது. செயற்கைக்கோள் வழிக் கருவிகளே அந்தத் தேவைக்கு உரியவை. வேறு நம்பிக்கை கொடுப்பது ஆபத்தானது. மண் மின்வாய்த் தொடர்பு உயிர் காக்கும் இடம் வேறொன்று: சாதாரண வானொலி நுழைய முடியாத பாறைக் குகைகள். பிரிட்டனின் குகை மீட்புக் குழுக்கள் 87 கிலோஹெர்ட்ஸில், தரையில் அடித்த மின்வாய்களைக் கொண்டே பாறையினூடே பேசுகிறார்கள்.

கேட்பதிலிருந்து தொடங்கலாம்

செலுத்துவதைவிடக் கேட்பது எளிது, பாதுகாப்பானது, கற்பதற்கும் அதில் மிகுதி உண்டு. விநாடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும் கணினிச் சவுண்டு கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும். இந்த அலைவரிசைக்கு வேறு ரிசீவரே வேண்டியதில்லை. ஒரு மீட்டர் சட்டத்தில் சில பத்துச் சுற்றுகள் சுற்றிய கம்பிச் சுருளை மைக் துளையில் இணைத்து, அலைமாலை காட்டும் இலவச மென்பொருளைத் திறந்தால், விஜயநாராயணம் நிலையம் இயங்கும் நேரத்தில் 18.2 கிலோஹெர்ட்ஸில் தடித்த கோடு ஒன்று தெரியும். சட்டத்தை மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் கோடு ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது சுருளின் முகம் நிலையத்தை நோக்கியிருக்கும். நாகர்கோவிலிலிருந்து அது வடகிழக்கு. சைகையின் உள்ளடக்கம் கடற்படையின் மறைகுறியீடு, நமக்கு அதில் வேலையில்லை. அதன் வலிமை மட்டுமே நம் அளவீடு. சூரியக் கிளர்ச்சியின் விளைவைக் காண விரும்புபவர்கள் இந்த அண்டை நிலையத்தை விட்டு, 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் வரும் சைகையைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். அது அயனி மண்டலத்தில் பட்டுப் பட்டு வருவதால், மேலே நடக்கும் மாற்றம் அதில் உடனே தெரியும். அயனி மண்டலம் என்பது சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற உயர் வளிமண்டலப் பகுதி.

இயற்கையே அனுப்பும் சைகைகளும் இங்கே உண்டு. மின்னல் ஒவ்வொன்றும் ஒரு வானொலி நிலையம். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை மண் மின்வாய்களால் ஒட்டுக்கேட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹவுசன், உயர்ந்து தொடங்கித் தாழ்ந்து முடியும் விசில் ஒலிகளைக் கேட்டு 1919இல் அதைப் பற்றி எழுதினார். மின்னலின் அலை பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்து விண்வெளிக்குச் சென்று திரும்புவதால் அந்த விசில் எழுகிறது என்பதை 1953இல் ஸ்டோரி என்ற ஆய்வாளர் விளக்கினார். இணையத்தில் கேட்ட அந்த விசிலைத் தேடி இங்கே இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நாம் காந்த நடுக்கோட்டின் அருகில் இருக்கிறோம். 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்ததும் அந்தக் கோட்டின் பொருட்டே. இங்கு காந்தக் கோடுகள் தரைக்கு ஏறக்குறைய இணையாகக் கிடப்பதால், விசில் கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அதற்கு ஈடாக இரவில் நமக்கு ட்வீக் கிடைக்கும். தொலைதூர மின்னலின் அலை, தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே மாறி மாறி எதிரொலித்து வரும்போது, கீழ் அதிர்வெண்கள் பின்தங்கி, பறவை கீச்சிடுவதுபோல் ஒலிக்கும். அலைமாலையில் அது நேராக இறங்கி, 1,700 ஹெர்ட்ஸ் அருகே கொக்கிபோல் வளைந்து நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள அலைகளால் அந்த இடைவெளிக்குள் அப்படி எதிரொலித்து வர இயலாது. கொக்கி நிற்கும் அதிர்வெண்ணைத் திரையில் படித்து இரண்டால் பெருக்கி, அந்த எண்ணால் 3 லட்சத்தை வகுத்தால், அந்த நேரத்தில் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது என்பது கிடைத்துவிடும்: 1,700க்கு 88 கிலோமீட்டர், 1,650க்கு 91 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொலைவில் இடி மின்னல் மிகுந்திருக்கும். நம் ஊரில் இடி கேட்கும்போது மட்டும் கம்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மாலை ஏழு மணிக்கும் நள்ளிரவுக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் பத்து ட்வீக்குகள் வீதம் அளந்து சராசரியை எழுதி வைத்தால், அந்த உயரம் ஓரிரவுக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வீட்டு மாடியிலிருந்தே வரைந்துவிடலாம்.